பல் பிடுங்கிய நான்காம் நாள்

நாக்கு மறுபடியும் அங்கே போய்விட்டது. போகக் கூடாது என்று அதற்கு எத்தனை தடவை சொல்வது. கீழ்வரிசையில் வலது பக்கம் கடைசிப் பல் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி, அந்தக் குழியின் ஓரத்தை நுனியால் தொட்டுப் பார்க்கிறது, தொட்டதும் காது வரைக்கும் ஒரு கம்பி பாய்கிறது, பயந்து பின்வாங்கிக்கொள்கிறது, அரை நிமிடம் ஆவதற்குள் திரும்பவும் கிளம்பிவிடுகிறது. சனிக்கிழமை மத்தியானம் பிடுங்கியது, இன்று செவ்வாய். பிடுங்கும்போது வலிக்கவில்லை. ஞாயிறு முழுக்கக்கூடப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது ஆரம்பித்தது, குறையும் குறையும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறது. எந்த வலியும் நாளாக நாளாகக் குறையத்தானே வேண்டும், இது ஏன் ஏறுகிறது. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், டயாலிசிஸ் வார்டில், ஐந்தாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிற நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் என் பல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். கட்டிலில் என் மனைவி தங்கமணி படுத்திருக்கிறாள். அவள் இடது கையில் இரண்டு ஊசிகள், ஒவ்வொன்றும் கோணி ஊசித் தடிமன். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகிறது, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், நாலு வருஷமும் இரண்டு மாதமும். அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பல் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது.

மணி எட்டு இருபது. ஏழு மணிக்கு ஊசி போட்டார்கள், பதினொன்றுக்கு முடியும். இந்த வார்டில் ஏசி போட்டுத்தான் வைத்திருப்பார்கள், மெஷின்களுக்காக. அந்தக் குளிர் வாய்க்குள் போனால் குழி விழித்துக்கொள்கிறது, அதனால் உதட்டை இறுக்கி மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். வாய்க்குள் ஒரு கெட்ட ருசி, துருப்பிடித்த தகரத்தை நக்கினாற்போல. காலையில் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், இரண்டு கிராம்பைக் கடித்து வைத்துக்கொண்டேன், குழிக்குள் கிராம்புத்தூள் போய் இன்னும் மோசமானது. சட்டைப் பையில் வலி மாத்திரை அட்டை இருக்கிறது, பல் டாக்டர் எழுதிக் கொடுத்தது. நேற்று இரண்டு போட்டேன், இன்று காலையில் ஒன்று. நாலாவதைப் போடக் கை போகிறது, போய்ப் பாதியில் நின்றுவிடுகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரக டாக்டர் தங்கமணியைக் கேட்ட முதல் கேள்வியே அதுதான், வலி மாத்திரை நிறையச் சாப்பிடுவீங்களாம்மா என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒற்றைத் தலைவலி, கல்யாணமான வருஷத்திலிருந்தே. பெட்டிக் கடையில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தது நான்தான், இரண்டு இரண்டாக, பத்துப் பத்தாக, இருபது வருஷம். அதனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. ரத்தக்கொதிப்பாலும் இருக்கலாம், பல காரணம் இருக்கும் என்றார். அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், இனிமேல் யாரிடம் கேட்பது, கேட்டு என்ன ஆகப்போகிறது. மாத்திரை பையிலேயே இருக்கட்டும். குழி துடிக்கிறது. மெஷினில் சிவப்பாக ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதன் தாளத்துக்குத் துடிக்கிறது. அவள் ரத்தம் சுற்றுகிற வேகத்துக்கு என் தாடை ஏன் துடிக்க வேண்டும்.

நான் வலி தெரியாத ஆள் என்று பட்டறையில் பேர். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் முப்பத்தோரு வருஷம் தகரம் அடித்தேன். ஒரு தடவை சுத்தியல் விழுந்து இடது கட்டைவிரல் நகம் அப்படியே கழன்றுவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அந்த ஷீட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன், நாச்சிமுத்துக்கு உடம்பெல்லாம் இரும்பு என்றார்கள். இரும்பு. ஒரு குண்டூசித் தலை அளவு குழிக்கு இப்போது கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. கூட வேலை பார்த்த பொன்னுசாமிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவன் புகையிலை போடுவான், பல்லைப் பிடுங்கினான், குழி ஆறவே இல்லை, ஆறு மாதத்தில் பாதித் தாடையை எடுத்தார்கள், அடுத்த ஆடிக்கு அவன் இல்லை. நான் புகையிலை போடுவதில்லை. பீடி பிடித்தேன், விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். எனக்கும் அப்படி ஏதாவது வந்துவிட்டால் இவளை யார் இங்கே கூட்டிக்கொண்டு வருவது. பெண் ஓசூரில் இருக்கிறாள், அவளுக்குக் கைக்குழந்தை. யாரும் கூட்டி வர முடியாமல் போனால் இவள் நிறுத்திவிடலாம், என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. என்ன நினைப்பு இது. எங்கே சுற்றினாலும் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதே, இதற்கு அந்த நாக்கே தேவலை.

சனிக்கிழமை முடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். முடிந்த அன்று அவளுக்குப் பேசத் தெம்பு இருக்காது, என் தோளில் சாய்ந்துகொண்டுதான் வருவாள். எதிரில் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர், டிரைவர் பக்கத்தில் கீரைக்கூடையோடு ஒரு அம்மாள். திருமாநிலையூர்ப் பாலத்தில் ஏறும்போது, ஆற்றைப் பார்த்துக்கொண்டே, வெங்காயம் வாங்கலாமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். "ஏனுங்க, இத்தோட நிறுத்திக்கலாமுங்களா?" எதை என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். பாலம் முடிகிற வரைக்கும் ஆற்றைப் பார்த்தேன், தண்ணீர் இல்லை, ஓர் ஓரத்தில் மட்டும் சாயம் மாதிரி கொஞ்சம் ஓடியது. வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன், அளந்து தண்ணீர் கொடுத்தேன், ஒரு நாளைக்கு அவளுக்கு முக்கால் லிட்டர், கஞ்சியில் இருப்பதும் அதில் சேர்த்தி. அவள் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை, பதிலுக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்குப் பல் ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த பல், இன்னும் ஒரு மாதம்கூட ஆடியிருக்கும். பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு மனுஷன் பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வானா. பிடுங்கிக்கொண்டேன். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தேன், ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாதாம் என்று ஜாடை காட்டினேன். அவள் தலையாட்டினாள். அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது. பஞ்சைத் துப்பிய பிறகும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேச முடியாது என்று கையால் காட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போனேன், பீடிக் கட்டைக் காட்டினேன், கடைக்காரர் எடுத்து நீட்டினார், இரண்டு பிடித்தேன். திங்கட்கிழமை வலி நிஜமாகவே வந்தது. அப்போது எனக்குள் முதலில் வந்தது என்ன என்று சொன்னால் காறித் துப்புவார்கள். அப்பாடா என்று இருந்தது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் கட்டிலில் ஒரு வாத்தியார் வந்துகொண்டிருந்தார், அவர் நிறுத்தினார், பதினோராம் நாள் செய்தி வந்தது. அந்தக் கட்டிலில் இப்போது ஒரு சின்னப் பெண் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு நாள். தங்கமணியின் கையைப் பிடித்து, வேண்டாம், எனக்காக இரு என்று சொல்லலாம். சொன்னால் இருப்பாள், அதுதான் பயம். அப்புறம் ஒவ்வொரு ஊசியும் நான் குத்துகிற ஊசி. சரி என்று சொல்லலாம். அந்தச் சொல்லைச் சொல்கிற வாய் அதற்கப்புறம் சோறு தின்னுமா. வலி இப்போது காதுக்குப் பின்னால் போய்விட்டது, நெற்றிப்பொட்டில் நிற்கிறது, கண்ணுக்குள் எதையோ வைத்துத் திருகுகிறது, ஒரு வலி எத்தனை இடத்தில் இருக்கும். மணி பார்த்தால் எட்டு முப்பத்தைந்து. பதினைந்து நிமிடம்தான் ஆகியிருக்கிறது. இவளுக்கும் நேரம் இப்படித்தான் போகிறதா. நாலு வருஷமும் இப்படியா போனது. நான் இந்த நாற்காலியில் பேப்பர் படிப்பேன், கீழே போய் டீ குடிப்பேன், எதிர்க் கட்டில்காரரோடு மழையைப் பற்றிப் பேசுவேன், திரும்பிப் பார்த்தால் பதினொன்று ஆகியிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே கடிகாரம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரை வாக்கில் அவளுக்குக் கால் இழுத்தது. மூன்றாம் மணி நேரத்தில் இழுக்கும், உடம்பில் இருக்கிற தண்ணீரை மெஷின் உறிஞ்ச உறிஞ்சக் கெண்டைக்கால் கல்லாகிவிடும். பல்லைக் கடித்துக்கொள்வாளே தவிரச் சத்தம் வராது, போர்வைக்குள் கால் மட்டும் விறைக்கும், அதை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்வேன். எழுந்து போய்ப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து விரல்களை மேல்பக்கமாகத் தள்ளினேன், எப்போதும் செய்கிறதுதான். குனிந்திருந்தேன். கால் ஒரு வெட்டு வெட்டியது. குதிகால் வந்து என் வலது தாடையில் இடித்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது, அய்யோ அம்மா என்று, யாரோ கத்துகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கப் போனேன். கத்தியது நான். ஆறு கட்டிலிலிருந்தும் என்னைப் பார்த்தார்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற அன்வர் ஓடிவந்தான், இருபத்தைந்து வயசுதான் இருக்கும், கெட்டிக்காரன். இவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவளிடம் போய் நின்று, "அம்மா, நெஞ்சு ஏதும் வலிக்குதா?" என்றான். "எனக்கில்ல தம்பி, அவுருக்கு" என்றாள். அவள் கால் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அன்வர் மெஷினில் எதையோ குறைத்து, சலைன் திறந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் பாதம் என் கையில் இளகியது. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன், கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஊற்றியது, துடைக்கக் கையை எடுத்தால் தாடை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

"வலிக்குதுங்களா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "எந்நேரத்துல இருந்து?" என்று கேட்டாள், நான் இல்லை என்றதே காதில் விழாதது மாதிரி. "நேத்து மத்தியானத்துல இருந்து." "சொல்றதுக்கென்ன?" நான் அவள் கையைப் பார்த்தேன், பிளாஸ்டர் ஒட்டி, குழாய் இரண்டும் வளைந்து போகிற அந்தக் கையை. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவளும் பார்த்தாள். "இதப் பாத்தா ஒருத்தருக்கும் வலிக்கக் கூடாதுங்களா?" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "எந்திரிச்சுப் போயி அந்தப் பல் டாக்டரம்மாவப் பாத்துட்டு வாங்க. இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்குது. நான் எங்கியும் போயிர மாட்டேன்." அன்வர் சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பல் கிளினிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள், டாக்டர் பெண் இன்னும் கைப்பையைக்கூட வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினாள். விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தாள், குழியில் ஊசிக்குழலால் லேசாகத் தண்ணீரைப் பீச்சினாள், நான் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் அது கிறீச்சிட்டது. "பீடி சிகரெட் ஏதாவது பிடிச்சீங்களா ஐயா?" இரண்டு விரலைக் காட்டினேன். அவள் திட்டவில்லை. "பல் எடுத்த எடத்துல ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கணும். உங்களுக்கு அது கழண்டு போயிருச்சு. கீழ எலும்பு தெரியுது. காத்துப் பட்டாலே உயிர் போகுமே, எப்படிப் பொறுத்துக்கிட்டு இருந்தீங்க?" கேட்டுவிட்டாள். எப்படிப் பொறுத்துக்கிட்டு இருந்தீங்க. இந்தச் சின்னப் பெண் யாரோ ஒரு கிழவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிற இதை, நான் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாலு வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கிறேனா. முடிஞ்சுதா என்று கேட்டிருக்கிறேன். எழுந்திரிக்கலாமா, மயக்கம் வருதா, ஆட்டோ கூப்பிடட்டுமா. கிராம்பு வாசம் அடிக்கிற ஏதோ மருந்தில் நனைத்த துணி நாடாவைக் குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அடைத்தாள். சரியாக எத்தனை நாளாகும் என்று கேட்டேன். "பத்து நாள்கூட ஆகலாம். உள்ள இருந்து சதை வளரணும், அத நம்ம அவசரப்படுத்த முடியாது. வியாழக்கிழமை வாங்க, மருந்து மாத்தணும்." வியாழக்கிழமை காலையில் எங்களுக்கு டயாலிசிஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். இருக்கிறதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் பாதி ஏறும்போது வலி நின்றது. குறையவில்லை, நின்றது, ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரை யாரோ அணைத்தாற்போல. அந்தப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு லேசாக இருக்கிறது தலை, வெயில் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது அந்தத் தொட்டிச் செடியின் மேல், ஒரு மனுஷனுக்கு வலி இல்லாமல் இருப்பதே போதுமே, இதைத்தானே அவளும் கேட்கிறாள். அடுத்த படியில் காலை வைக்க முடியவில்லை. மேலே அவள் காத்திருக்கிறாள், என்னிடம் இப்போது வலிகூட இல்லை. கன்னத்தில் கையை வைத்தால் பொய். பேச முடியாது என்று காட்டினால் பொய். திரும்பிப் போய் அந்த டாக்டரம்மாவிடம், எடுத்துவிடுங்கள், வைத்த மருந்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு ஏறினேன். "இப்பப் பரவாலீங்களா?" என்றாள். "ம், வலி இல்ல" என்றேன். "நல்லதாப் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பதினொன்று ஆகிற வரைக்கும் கேட்கவில்லை. நாக்கு குழியைத் தேடிப் போய் மருந்துத் துணியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வாய்க்குள் கிடந்தது.

பதினொன்றே காலுக்கு அன்வர் ஊசிகளை உருவினான். உருவிய இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது என் வேலை. ரொம்ப அழுத்தினால் உள்ளே ஓட்டம் நின்றுவிடும், விட்டால் பீறிடும். விரலுக்கு அடியில் அவள் ரத்தம் விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. "சனிக்கிழமை நீ கேட்டீல்ல" என்றேன். "ம்" என்றாள். "எனக்குப் பதில் தெரியல தங்கமணி. சரின்னு சொல்ல வாய் வரல. வேண்டாங்கறதுக்கு நான் யாரு. வாயில பஞ்சு இருக்குதுன்னு சும்மா இருந்துட்டேன். பஞ்ச அன்னிக்கே துப்பிட்டேன்." "தெரியுமுங்க." "தெரியுமா?" "துப்புனதயும் பாத்தேன். ஞாயித்துக்கிழமை பீடி வாசமும் வந்துச்சு." எதிர்க் கட்டிலில் மெஷின் கூப்பிட்டது, அன்வர் அங்கே போனான். "நீங்க பதில் சொல்லோணும்னு கேக்கலீங்க" என்றாள். "இத்தன வருஷமா என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல. எடை எத்தன, தண்ணி எத்தன குடிச்சீங்கன்னு கேக்கறாங்க. அதுதான் நானா ஒண்ணு கேட்டுப் பாத்தேன்." "நிறுத்தோணும்னு நெசமாத்தான் சொன்னியா?" "நெசந்தான். இன்னிக்கும் நெசந்தான். வியாழக்கிழமை எப்படி இருக்கும்னு தெரியல." பஞ்சிலிருந்து கையை எடுக்க முடியாது. அவள் முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில், வலியும் இல்லாமல், எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"எங்கெங்க வலிக்குது?" என்றேன்.

"சொன்னா நேரமாகுமுங்க."

"ஆகட்டும்."

அவள் கூரையைப் பார்த்தாள், எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பவள் மாதிரி. பிறகு உள்ளங்காலில் இருந்து ஆரம்பித்தாள். ராத்திரியில் உள்ளங்காலுக்குள் எறும்பு ஊர்வதை, செருப்புப் போட்டால் எந்த இடம் எரிகிறது என்பதை, கணுக்கால் எலும்பைப் பாய்கூடத் தொடக் கூடாது என்பதை, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. கெண்டைக்கால் இழுத்து விட்ட பிறகு இரண்டு நாளைக்கு அங்கே தங்கியிருக்கிற வலி வேறு மாதிரி என்றாள், எப்படி வேறு மாதிரி என்று கேட்டேன், சொல்லத் தெரியாமல் கையை ஆட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். அன்வர் வந்து நின்று, "பத்து நிமிஷம் ஆச்சுங்கய்யா, கைய எடுத்துடலாம்" என்றான். அவள் இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.